மகுடம் பதிவு செய்தால் முதலில் வெட்டி அடுக்குங்கள்

சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் கணியான் கூத்துக்கு வாசிக்கும் மகுடம் என்ற தோல் கருவியைப் பதிவு செய்து எலக்ட்ரானிக் இசையில் சேர்க்க ஆசையா? முதலில் கலைஞர்களிடம் அனுமதி கேளுங்கள். கூத்து தொடங்கும் முன் உச்சம், மந்தம் என்ற இரண்டு மகுடங்களையும் தனித்தனியே சில சுற்று வாசித்துக் காட்டச் சொன்னால் பிற்பாடு வேலை பாதியாகும். அடி பலமாக விழும். அதனால் 24 பிட்டில், சத்தத்தின் அதிகபட்ச அளவு மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி லெவலைக் குறைத்தே வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் டிராக் போட உட்காராதீர்கள். நல்ல சுற்றுகளை மட்டும் வெட்டி, ஃபைல் பெயரிலேயே வேகத்தை எழுதுங்கள். கணக்கு எளிதுதான்: நாலு எண்ணிக்கைச் சுற்று எத்தனை விநாடி ஓடுகிறதோ, அதால் 240ஐ வகுத்தால் பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை எண்ணிக்கை என்பது. இரண்டு விநாடி என்றால் 120. ஆட்டம் சூடுபிடித்தால் வேகம் ஏறும். முழுப் பதிவையும் ஒரே டெம்போவில் இழுத்துக் கட்டினால் அந்த வேகமெல்லாம் செத்துப்போகும். சுற்று சுற்றாக எடுப்பதே சரி.

அப்புறம், பேஸ், சிந்த் (சிந்தசைசர்), ரிவர்ப் (எதிரொலிப்பு) எல்லாம் முன்கூட்டியே அடுக்கிய டெம்ப்ளேட் ஒன்று இசை மென்பொருளில் கைவசம் இருக்கட்டும். லேப்டாப் திணறினால், முடிந்த சிந்த் டிராக்கை ஆடியோவாக மாற்றிவிடுங்கள்.