பால் தண்ணீரில் முனைவாக்கிய ஒளி: வீட்டில் செய்து பார்க்கும் முறை

ஒளி ஓர் அலை; அதன் அதிர்வு ஒரே திசையில் இருந்தால் அது முனைவாக்கிய ஒளி. பால் கலந்த தண்ணீர், வெள்ளைக் கடதாசி, மணல், மனிதத் தோல் எல்லாம் ஒளிக்கு ஒழுங்கற்ற ஊடகங்கள்: ஒளி உள்ளே பலமுறை சிதறிப் பல பாதைகளில் போகும். முனைவாக்கிய ஒளி இவற்றுக்குள் போனால் முனைவாக்கம் அழிந்துவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது அழிவதில்லை. ஒவ்வொரு பாதையாலும் வரும் ஒளியின் முனைவாக்கம் ஒவ்வொரு திசைக்குத் திரும்பிவிடுகிறது. நாங்கள் காண்பது அவை எல்லாம் கலந்த சராசரியை. இதை வீட்டு மேசையிலேயே பார்க்கலாம்.

தேவையானவை: 1 மில்லிவாற்றுக்கு மேற்படாத சிவப்பு லேசர் பொயின்ரர் (650 நானோமீற்றர்), தட்டையான பக்கங்கள் உள்ள சிறிய கண்ணாடித் தொட்டி, ஆடை நீக்கிய பால்மா, 5 மில்லிலீற்றர் சிறிஞ், குழாய்ப் புரிக்குச் சுற்றும் வெள்ளை ரேப், முனைவாக்கித் தாள் இரண்டு துண்டு. தாளைப் பழுதான கல்குலேற்றர் திரையின் முன்பக்கத்தில் இருந்து உரித்தெடுக்கலாம். பின்பக்கத் தாளில் வெள்ளிப் பூச்சு இருக்கும், அது வேண்டாம். பிளாஸ்ரிக் தொட்டியும் வேண்டாம்: வார்க்கும்போது உள்ளே தங்கிய இறுக்கம் முனைவாக்கத்தைத் தானே மாற்றிவிடும். இதே காரணத்தால் ஒளி போகும் வழியில் செலோரேப் ஒட்டக் கூடாது.

முதல் வேலை, தாளின் கடத்தும் அச்சை, அதாவது எந்தத் திசையில் அதிரும் ஒளியை அது விடுகிறது என்பதை, கண்டுபிடிப்பது. நில ரைல்ஸில் பளபளக்கும் யன்னல் வெளிச்சத்தைச் சாய்வாக, செங்குத்தில் இருந்து ஏறக்குறைய 55 பாகையில், தாளூடாகப் பாருங்கள். அந்தப் பளபளப்பு கிடையாக முனைவாகியிருக்கும். தாளைச் சுழற்றப் பளபளப்பு மிகவும் மங்கும் நிலையில் அச்சு நிலைக்குத்தாக நிற்கிறது. ஓரத்தில் பேனையால் கோடிட்டு வையுங்கள்.

அடுத்து, ஒரு துண்டை லேசரின் வாயில் ஒட்டுங்கள். ஒட்டுமுன் தாளைச் சுழற்றி, புள்ளி மிகப் பிரகாசமாகும் இடத்தில் நிறுத்துங்கள். இனி முனைவாக்கத் திசையை மாற்ற லேசரையே உருட்டினால் போதும். லேசருக்கு நேரே கண்ணை ஒருபோதும் வைக்க வேண்டாம். தொட்டிச் சுவரில் பட்டுத் தெறிக்கும் கதிரும் அப்படித்தான். தொட்டிக்குப் பின்னால் கறுப்புத் துணி ஒன்று தொங்கட்டும்.

தொட்டியில் 1 லீற்றர் தண்ணீர். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சுண்ணாம்பு வெண்துகள்களாகப் பிரியும். அவை கதிரில் மின்னிக் குழப்பும். கொதிக்காத தண்ணீரைத் துணியில் வடித்து எடுங்கள், மழைத் தண்ணீர் இன்னும் நல்லது. ஒரு தேக்கரண்டி பால்மாவை 100 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அதிலிருந்து 1 மில்லிலீற்றரைத் தொட்டியில் விட்டுக் கலக்குங்கள். இருட்டில் கதிர் மெல்லிய, கூர்மையான கோடாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சொட்டுச் சொட்டாகக் கூட்டுங்கள்.

இப்போது பக்கவாட்டில், கதிருக்குச் செங்கோணத்தில் நின்று லேசரை மெல்ல உருட்டுங்கள். முனைவாக்கம் நிலைக்குத்தாக இருக்கையில் கோடு பிரகாசமாக இருக்கும்; கிடையாகும்போது மங்கிப் போகும். அந்த நிலையிலேயே மேலிருந்து எட்டிப் பாருங்கள்: அங்கே பிரகாசமாக இருக்கும்! பாலின் கேசின் துகள்கள் ஏறக்குறைய 100 முதல் 200 நானோமீற்றர். ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவை. ஒளி அவற்றின் இலத்திரன்களை முனைவாக்கத் திசையில் ஆட்டுகிறது. ஆடும் ஏற்றம் தான் ஆடும் திசைக்கு ஒளியை அனுப்பாது. கொழுப்புள்ள பாலை எடுத்தால் மைக்கிரோமீற்றர் அளவுக் கொழுப்பு உருண்டைகள் சேர்ந்து இந்த வேறுபாட்டைக் கெடுத்துவிடும்.

பின்பு பால் கரைசலை ஒவ்வொரு முறையும் 5 மில்லிலீற்றர் விட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு முறையும் லேசரை உருட்டிப் பாருங்கள். கோட்டின் ஓரம் மங்கி ஒளிமூட்டமாகும். உருட்டினாலும் பிரகாசம் மாறுவது குறைந்துகொண்டே போகும். மாற்றம் முதலில் காணாமற்போவது லேசருக்குத் தூரமான முனையில்தான், ஏனென்றால் அங்கே சேரும் ஒளி பலமுறை சிதறி வந்தது. போன் கமெராவில் ஒப்பிடுவதென்றால் திரையை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் கமெரா மங்கலைத் தானே ஈடுசெய்து உங்களை ஏமாற்றும்.

முக்கியமான பகுதி இனித்தான். பாலில் துகள்கள் ஓயாமல் அசைவதால் சராசரி மட்டுமே தெரிகிறது. அசையாத ஊடகம் வேண்டும்: வெள்ளை ரேப்பை நான்கைந்து அடுக்காகச் சட்டத்தில் இழுத்து ஒட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் லேசர் புள்ளியை அதில் குவியுங்கள். அரை மீற்றர் தள்ளி வெள்ளைத் தாள். முற்றாக இருட்டிய அறையில் தாள் முழுவதும் நுண்ணிய பொட்டுகள் தெரியும். இரண்டாவது முனைவாக்கித் துண்டை ரேப்புக்கும் தாளுக்கும் இடையில் பிடித்துச் சுழற்றுங்கள். மொத்த வெளிச்சம் அதிகம் மாறாது. ஆனால் ஒரு பொட்டைப் பென்சிலால் குறித்துவிட்டுக் கவனித்தால் அது மங்கும், பக்கத்துப் பொட்டு எழும். ஒவ்வொரு பொட்டுக்கும் தனி முனைவாக்கம் உண்டு. பொட்டுகள் நடுங்கினால் ரேப் தளர்ந்திருக்கிறது, அல்லது காற்றாடி ஓடுகிறது.

இரண்டாவது முனைவாக்கித் தாளை வெளியே கொண்டுபோங்கள். வெயில் சாய்ந்த காலையில், சூரியன் பக்கவாட்டில் இருக்க, வலிகாமத்துச் செம்மண்ணையும் மணற்காட்டு வெண்மணலையும் தாளைச் சுழற்றிப் பாருங்கள். இருண்ட செம்மண்ணில் வேறுபாடு கூடுதலாக இருக்கும். அங்கே பலமுறை சிதறிய ஒளி பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. இதை ரஷ்ய பௌதிகவியலாளர் உமோவ் 1905 இல் விளக்கினார். மணலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மீண்டும் பாருங்கள்: நிறம் இருளும், முனைவாக்கம் கூடும்.