கடல் இறங்கிய காலத்தில் காவிரி வண்டல் எங்கே போனது? பலர் செய்யும் தவறுகள்

டெல்டாவில் எங்காவது போர் (ஆழ்துளைக் கிணறு) போடுகிறார்கள் என்றால் போய்க் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ராடு இறங்க இறங்க மேலே வரும் மண்ணைக் குவியல் குவியலாக வரிசையில் வைப்பார்கள். கடலோர ஊர்களில் கறுப்புக் களி வரும், சில சமயம் அதில் சிப்பித் துண்டுகூட இருக்கும். அப்புறம் மணல். அதற்கும் கீழே சில இடங்களில் மஞ்சளும் சிவப்புமாகத் திட்டுத் திட்டான கெட்டிக் களி, நகம் வைத்தால் இறங்காது.

கடல் மட்டம் தாழ்ந்திருந்தபோது டெல்டாக்கள் கனமான வண்டல் அடுக்குகளைக் கட்டின என்று படித்ததும், அந்த அடுக்கு நம் வயலுக்கு அடியில்தான் இருக்கிறது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். முதல் தவறு இதுதான், பெரிய தவறும் இதுதான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல் இப்போதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. வேதாரண்யத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே இருந்தது தரை. அப்போது ஆறு என்ன செய்யும்? கோடையில் ஏரித் தண்ணீர் வடியும்போது வரத்து வாய்க்கால் விழும் இடத்தைப் பார்த்தால் புரியும். தான் முன்பு போட்ட சேற்றையே வாய்க்கால் அறுத்துக்கொண்டு கீழே இறங்கி, தண்ணீர் நிற்கும் புது விளிம்பில் விசிறி மாதிரி மண்ணைக் கொட்டியிருக்கும். கடல் இறங்கினால் ஆறும் அதைத்தான் செய்கிறது: மேலே பள்ளம் அறுக்கிறது, அள்ளிய மண்ணைக் கண்டத்திட்டின் (கரையை ஒட்டிக் கடலுக்கடியில் நீளும் ஆழம் குறைந்த தரை) விளிம்பில் குவிக்கிறது, அங்கிருந்தும் சரிந்து ஆழ்கடலுக்குப் போகிறது. கனமான அடுக்கு சேர்வது அங்கேதான். கடல் திரும்ப ஏறியபோது அந்தப் பள்ளங்கள் நிரம்பின. ஏற்றம் தணிந்த பிறகு, அதாவது கடந்த ஏழெட்டாயிரம் ஆண்டுகளில் படிந்ததுதான் நாம் நாற்று நடும் மண்.

இதைப் பிடித்துக்கொண்டால் அடுத்த தவறும் தெரிந்துவிடும். ஆழத்தை வருஷத்தால் வகுத்து 'இத்தனை அடிக்கு இத்தனை ஆயிரம் ஆண்டு' என்று கணக்குப் போடாதீர்கள். அந்தக் கெட்டிக் களி பெரும்பாலும் கடல் விலகிய காலத்தில் வெயிலிலும் மழையிலும் திறந்து கிடந்த தரை. அதில் இருக்கும் இரும்பு துருப்பிடித்துத்தான் அந்த நிறம். அதற்கும் மேலே உள்ள மணலுக்கும் இடையில் ஒரு சாண்கூட இருக்காது, ஆனால் அந்த இடைவெளியில் பல ஆயிரம் ஆண்டுகள் காணாமல் போயிருக்கலாம்.

வண்டல் நிறைய வந்தால் போதும், அடுக்கு கனமாகிவிடும் என்பதும் சரியில்லை. அடித்தரை தாழ்ந்து இடம் கொடுக்க வேண்டும். இந்தியா, ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் ஒட்டியிருந்த கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்தபோது, 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே, இங்கே நிலம் பிளந்து இறங்க ஆரம்பித்தது. அதனால் காவிரிப் படுகையில் சில இடங்களில் படிவுகள் 5 கிலோமீட்டரையும் தாண்டும். நாகப்பட்டினம் அருகே நரிமணத்தில் எண்ணெய் எடுப்பது இந்தப் பழைய அடுக்குகளிலிருந்து. அதை இன்றைய காவிரியின் வண்டலோடு குழப்ப வேண்டாம்.

பூம்புகாரைக் கடல் கொண்டதையும் பனியுகத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். பூம்புகார் செழித்திருந்தது சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன். அதற்குள் கடல் ஏறக்குறைய இன்றைய மட்டத்துக்கு வந்துவிட்டது.

உங்கள் ஊரில் போர் போட்டால் அந்தக் குவியல்களை ஆழம் எழுதிப் படம் எடுத்து வையுங்கள். மோட்டார் இறங்கியதும் எல்லாவற்றையும் வரப்போரம் தள்ளிவிடுவார்கள், அப்புறம் எது எந்த ஆழத்து மண் என்று யாராலும் சொல்ல முடியாது.