கெட்டுப்போன ஜிப் ஃபைலை ஸ்கிரிப்ட் எப்படிக் கையாள வேண்டும்

ஒரு ஜிப் ஃபைலைக் கையால் பிரிக்கும்போது அது கெட்டுப்போயிருந்தால் திரையில் பிழைச் செய்தி வரும், நாமும் பார்த்துவிட்டு வேறு பிரதியைத் தேடுவோம். அதே வேலையைக் கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் வசதி) போட்டுவிட்டால் அந்தச் செய்தியைப் படிக்க ஆள் இல்லை. ஸ்கிரிப்ட் பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போகும், பாதி பிரிந்ததை டேட்டாபேஸில் ஏற்றும், பழைய நல்ல பிரதியை அழிக்கும், கடைசியில் எல்லாம் முடிந்தது என்று லாகில் எழுதிவைக்கும். இத்தனைக்கும் பிரித்த புரோகிராம் ஏதோ தவறு என்று ஒழுங்காகச் சொல்லித்தான் இருக்கும், ஸ்கிரிப்ட்தான் கேட்கவில்லை. அதைக் கேட்க வைப்பது எப்படி என்று பார்ப்போம்.

முதலில், பிரிப்பதற்கு முன் சோதிக்க வேண்டும். ஜிஜிப், பிஜிப்2, எக்ஸ்இசட், இசட்ஸ்டாண்டர்ட் என்ற நான்கு சுருக்கும் புரோகிராம்களுக்கும் --டெஸ்ட் என்ற ஆப்ஷன் இருக்கிறது. அன்ஜிப்புக்கு டெஸ்ட் என்ற சொல்லின் முதல் ஆங்கில எழுத்தை மட்டும் ஹைஃபனோடு கொடுக்க வேண்டும், 7ஜிப்புக்கு அதே எழுத்து ஹைஃபன் இல்லாமல். இவை ஃபைலை முழுக்கப் படித்து, பிரித்து, செக்சம்மை (தரவிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டுப் பார்க்கும், ஆனால் டிஸ்க்கில் எதையும் எழுதாது. ஒரே ஃபைலை இரண்டு தடவை படிக்க வேண்டுமா, நேரம் வீணாகுமே என்று தோன்றலாம். ஆனால் ஜிஜிப் ஃபைலின் அமைப்பைப் பார்த்தால் காரணம் புரியும்: அதன் கடைசி 8 பைட்டில்தான் சரிபார்ப்புக்கான விவரமே இருக்கிறது, 4 பைட் சிஆர்சி-32 என்ற செக்சம், 4 பைட் சுருக்குவதற்கு முந்தைய அளவு. கடைசி பைட் வரை படித்து முடிக்காமல் ஃபைல் நல்லதா கெட்டதா என்று ஜிஜிப்பாலேயே உறுதியாகச் சொல்ல முடியாது, அதற்குள் பிரித்த தரவெல்லாம் பைப் (ஒரு புரோகிராமின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் இணைப்பு) வழியாக அடுத்த புரோகிராமுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஜிப் ஃபைலில் கதை கொஞ்சம் வேறு. உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் ஃபைலின் கடைசியில் இருக்கும். டவுன்லோட் பாதியில் நின்றிருந்தால் அந்தப் பட்டியலே வந்திருக்காது, அன்ஜிப் உடனே கத்திவிடும். நடுவில் சில பைட்கள் மட்டும் மாறியிருந்தால் பட்டியல் அழகாக வரும், உள்ளடக்கம் கெட்டுப்போயிருக்கும். அதனால் பட்டியல் வருகிறதா என்று பார்ப்பதைச் சோதனையாக நினைக்க வேண்டாம். முழுச் சோதனையே வேண்டும்.

சரி, சோதித்த பிறகு முடிவை எங்கே பார்ப்பது? எக்ஸிட் கோடில்தான், அதாவது ஒரு புரோகிராம் முடியும்போது திருப்பித் தரும் எண்ணில். பிழைச் செய்தியின் வார்த்தைகளை கிரெப் என்ற தேடும் கட்டளையால் தேடும் ஸ்கிரிப்ட்களை இன்னும் நிறையப் பார்க்கிறேன், தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள், வெர்ஷன் மாறினாலோ மொழி அமைப்பு மாறினாலோ அந்த வார்த்தைகளும் மாறும். எக்ஸிட் கோட் 0 என்றால் நல்லது, அது எல்லாருக்கும் பொது. மற்ற எண்களில்தான் வித்தியாசம். ஜிஜிப்பில் 1 பிழை, 2 வெறும் எச்சரிக்கை, உதாரணமாக ஃபைலின் முடிவுக்குப் பின் ஏதோ குப்பை ஒட்டிக்கொண்டிருந்தால் 2 வரும். அன்ஜிப்பில் இது தலைகீழ், 1 தான் எச்சரிக்கை, 2, 3 எல்லாம் ஃபைல் பழுது, 50 டிஸ்க் நிரம்பிவிட்டது, 51 ஃபைல் பாதியிலேயே முடிந்துவிட்டது, 82 பாஸ்வேர்ட் தப்பு. 9 என்றால் ஃபைல் கிடைக்கவில்லை என்று கையேட்டில் இருக்கும், ஆனால் ஃபைல் அங்கேயே இருந்து அதன் கடைசிப் பட்டியல் மட்டும் காணாமல் போயிருந்தாலும் அதே 9 தான் வரும். 7ஜிப்பில் 1 எச்சரிக்கை, 2 பெரிய பிழை, 8 மெமரி போதவில்லை. டிஸ்க் நிரம்பியதையும் மெமரி போதாததையும் ஃபைல் பழுது என்று எடுத்துக்கொண்டால் நல்ல ஃபைலைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவீர்கள், அதனால் 0 இல்லையென்றால் எந்த எண் என்று லாகில் கண்டிப்பாக எழுதி வையுங்கள். கடைசிக் கட்டளையின் எக்ஸிட் கோடைத் தரும் $? மதிப்பை உடனே ஒரு வேரியபிளில் பிடித்து வைக்க வேண்டும், நடுவில் ஒரு எக்கோ போட்டாலே அது மாறிவிடும்.

அடுத்தது பைப். பெரும்பாலான ஸ்கிரிப்ட்கள் ஏமாறுவது இங்கேதான். ஜிஜிப்பில் பிரித்து | போட்டு டேட்டாபேஸ் புரோகிராமுக்கு அனுப்பினால், ஷெல் (கட்டளைகளை ஓட்டும் புரோகிராம்) திருப்பித் தருவது கடைசிக் கட்டளையின் எக்ஸிட் கோட் மட்டுமே. முன்னால் ஜிஜிப் செத்து விழுந்திருந்தாலும் பின்னால் இருப்பது கிடைத்த வரைக்கும் வாங்கிக்கொண்டு 0 என்று சொல்லிவிடும். பாஷ் என்ற ஷெல்லில் ஸ்கிரிப்ட்டின் மேலேயே செட் -ஓ பைப்ஃபெயில் என்று போட்டுவிட்டால் வரிசையில் எது தோற்றாலும் மொத்தமும் தோற்றதாகக் கணக்கு. எல்லா ஷெல்லிலும் இது கிடையாது, அதனால் முதல் வரியில் பாஷ் என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். இன்னொன்று, பைப்பின் கடைசியில் ஹெட் போட்டு முதல் சில வரிகளை மட்டும் எடுத்தால், ஹெட் சீக்கிரம் மூடிக்கொள்வதால் முன்னால் இருக்கும் புரோகிராம் 141 என்ற கோடோடு நிற்கலாம். அது பழுது இல்லை, படிக்க ஆள் இல்லாத பைப்பில் எழுதினால் வரும் சிக்பைப் சிக்னல், 128 கூட்டல் அந்தச் சிக்னலின் எண் 13.

இதே பைப் பிரச்சினை பேக்கப் எடுக்கும் பக்கத்தில் இன்னும் மோசம். டேட்டாபேஸ் டம்ப்பை (அதன் முழு நகல் வெளியீட்டை) நேராக ஜிஜிப்புக்குள் அனுப்புகிறோம், டம்ப் பாதியில் தோற்றுவிடுகிறது, ஜிஜிப் வந்த வரைக்கும் சுருக்கி முறைப்படி முடித்து செக்சம்மும் போட்டுவிடும். அந்த ஃபைலை எத்தனை முறை சோதித்தாலும் நல்ல ஃபைல் என்றே வரும், ஏனென்றால் ஆர்கைவாக அது நல்ல ஃபைல்தான், உள்ளே தரவு பாதிதான். அதனால் எடுக்கும் ஸ்கிரிப்ட்டிலும் பைப்ஃபெயில் வேண்டும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸை டம்ப் எடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப் வேலையை முழுதாக முடித்தால் வழக்கமாகக் கடைசியில் "டம்ப் கம்ப்ளீட்டட்" என்று ஆங்கிலத்தில் ஒரு கமென்ட் வரி எழுதும், பிரித்து அந்தக் கடைசி வரி இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் டார் ஃபைலைச் சுருக்காமல் வெறுமனே வைத்திருந்தால் நம்பவே வேண்டாம். அதில் ஒவ்வொரு ஃபைலின் தலைப்புப் பகுதிக்கு மட்டும்தான் செக்சம், உள்ளே இருக்கும் தரவுக்குக் கிடையாது. தரவில் பைட் மாறினால் டாருக்குத் தெரியவே தெரியாது. குனு டார் 0 பைட் ஃபைலைக்கூடக் காலி ஆர்கைவ் என்று எடுத்துக்கொண்டு 0 தரும். டார் அனுப்புகிறீர்கள் என்றால் கூடவே ஷா256சம் கட்டளை தரும் செக்சம் மதிப்பையும் தனி ஃபைலாக அனுப்பி, வாங்கும் இடத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தோற்பதைவிட மோசமானது தொங்குவது. அன்ஜிப் பிரிக்கும்போது அதே பெயரில் ஃபைல் இருந்தால் மேலே எழுதவா என்று கேள்வி கேட்டு நிற்கும். அதற்கு -ஓ கொடுத்தால் கேட்காமல் மேலெழுதும், -என் கொடுத்தால் கேட்காமல் விட்டுவிடும். 7ஜிப்பில் -ஒய். பாஸ்வேர்ட் போட்ட ஃபைல் எதிர்பாராமல் வந்தால் அங்கேயும் கேள்வி வரும், ஏதாவது ஒரு பொய் பாஸ்வேர்டைக் கட்டளையிலேயே கொடுத்துவிட்டால் கேட்காமல் தோற்றுப்போகும், நமக்கு வேண்டியதும் அதுதான். எதற்கும் வெளியே டைம்அவுட் கட்டளையைச் சுற்றிப் போடுங்கள், நேரம் தாண்டினால் 124 வரும்.

பிரிக்கும் இடம் பற்றி ஒரே ஒரு பிடிவாதம்: நிஜமான இடத்தில் நேராகப் பிரிக்கக் கூடாது. எம்கேடெம்ப் மூலம் தற்காலிக டைரக்டரி ஒன்று உருவாக்குங்கள், சேருமிடம் இருக்கும் அதே டிஸ்க் பகுதியில், அங்கே பிரித்து முடித்து எக்ஸிட் கோட் 0 வந்த பிறகே எம்வி கொண்டு பெயரை மாற்றுங்கள். ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள் பெயர் மாற்றம் ஒரே அடியில் நடக்கும், பாதி நிலையை யாரும் பார்க்க முடியாது. வேறு டிஸ்க்குக்கு எம்வி செய்தால் அது நகலெடுத்து அழிப்பதுதான், அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஸ்கிரிப்ட் எப்படி முடிந்தாலும் தற்காலிக டைரக்டரி அழிய, வெளியேறும்போது தானாக ஓடும் டிராப் கட்டளையைப் போட்டு வையுங்கள்.

பழுதான ஃபைல் கையில் வந்த பிறகு என்ன? அழிக்காதீர்கள், தனியாக ஒரு டைரக்டரிக்கு நகர்த்துங்கள், தேதியும் எக்ஸிட் கோடும் லாகில் இருக்கட்டும். அப்புறம் ஃபைல் என்ற கட்டளையைக் கொண்டு அது என்ன வகை என்று பாருங்கள். பல நேரம் அது ஆர்கைவே இல்லை, சர்வர் அனுப்பிய பிழைப் பக்கம் ஜிப் என்ற பெயரில் சேமிக்கப்பட்டிருக்கும். டவுன்லோட் செய்யும் கர்ல் கட்டளைக்கு --ஃபெயில் கொடுத்தால் இது நடக்காது, 22 என்ற கோடோடு நின்றுவிடும், பாதியில் அறுந்த டவுன்லோடுக்கு 18. எஃப்டிபியில் டெக்ஸ்ட் மோடில் அனுப்பினாலும் வரி முடிவுகள் மாறி ஃபைல் நாசமாகும். டவுன்லோடில் கெட்டது என்றால் ஒன்றிரண்டு முறை மறுபடி முயலலாம், திரும்பவும் அதே செக்சம்மோடு அதே பழுது வந்தால் மூலத்திலேயே கெட்டிருக்கிறது, முயற்சியை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

பல ஃபைல்களை லூப்பில் ஓட்டும்போது ஒன்று கெட்டதால் மற்றவை நிற்க வேண்டியதில்லை. கட்டளை ஒன்று தோற்றதும் ஸ்கிரிப்ட்டை நிறுத்தும் செட் -ஈ போட்டிருந்தால் சோதனையை இஃப் நிபந்தனைக்குள் வையுங்கள், அங்கே தோற்றால் ஸ்கிரிப்ட் சாகாது. தோற்றதை எண்ணிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றாவது தோற்றிருந்தால் ஸ்கிரிப்ட்டே 0 அல்லாத கோடோடு வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் மேலே இருக்கும் கண்காணிப்புக்குச் செய்தியே போகாது.

மீட்கும் வேலையை ஸ்கிரிப்ட்டிடம் விடாதீர்கள். பிஜிப்2 அதிகபட்சம் 900 கிலோபைட் பிளாக்குகளாகச் சுருக்குவதால் பிஜிப்2ரிகவர் நல்ல பிளாக்குகளைத் தனியே எடுத்துத் தரும், ஜிப் கட்டளையின் -எஃப்எஃப் ஆப்ஷன் பட்டியலை மறுபடி கட்டப் பார்க்கும். இரண்டும் உபயோகமானவைதான், ஆனால் கிடைப்பது முழுத் தரவு என்று எந்த உத்தரவாதமும் இல்லை, மனிதர் பார்த்துத்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் எழுதி முடித்ததும் ஸ்கிரிப்ட்டை வேண்டுமென்றே கெடுத்த ஃபைல்களோடு ஓட்டிப் பாருங்கள்: ஹெட்டால் பாதியாக வெட்டிய ஒன்று, பைட்களை நகலெடுக்கும் டிடி கட்டளையால் நடுவில் சில பைட் மாற்றிய ஒன்று, 0 பைட் ஃபைல், ஜிப் என்று பெயர் மாற்றிய ஒரு வெப் பக்கம், பாஸ்வேர்ட் போட்ட ஒன்று, நடுவே ஒரு நல்ல ஃபைல். நல்லது மட்டும் சேருமிடத்துக்குப் போய், மற்ற ஐந்தும் தனி டைரக்டரியில் கிடந்து, எதிலும் தொங்காமல், ஸ்கிரிப்ட் 0 அல்லாத கோடோடு முடிந்தால் அதைக் கிரானில் போடலாம்.