கணக்கில் கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகமா? ஃபாரன்சிக் கணக்காளரை அமர்த்தும் முறை

சந்தேகம் வந்த அன்று ராத்திரி நான் முதலில் செய்ததே தப்பு. எல்லோரும் கிளம்பிய பிறகு கணக்கு எழுதுபவரின் கம்ப்யூட்டரைத் திறந்து டாலி என்ற கணக்கு மென்பொருளில் லெட்ஜர் லெட்ஜராகத் தேடினேன். சில எக்செல் ஃபைல்களைத் திறந்து, சேவ் கொடுத்து மூடினேன். எந்த ஃபைலை யார் கடைசியாகத் தொட்டார்கள் என்பதே ஒரு சாட்சி என்றும், அதை நானே கலைத்துவிட்டேன் என்றும் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. இன்னொருவருக்கு இப்படி ஆக வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுடையது திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனி, பார்ட்னர்ஷிப். கட்டிங் முதல் பேக்கிங் வரை நான் பார்ப்பேன். கணக்கு முழுக்க ஒன்பது வருடமாக ஒருவர் கையில். அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஆர்டர் பாதியாகக் குறைந்த மாதத்திலும் அட்டைப்பெட்டிச் செலவு மட்டும் குறையாமல் இருந்தது. அங்கேதான் எனக்குத் தட்டியது.

சந்தேகம் வந்தால் முதலில் வாயைத் திறக்காதீர்கள். சம்பந்தப்பட்டவரிடம் மட்டுமல்ல, ஆபீஸில் யாரிடமும் பேச வேண்டாம். கேட்டுவிட்டால் அன்றைக்கே பில் ஃபைல் காணாமல் போகும், வாட்ஸ்அப் அழியும். கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். கேமரா பதிவை மட்டும் உடனே தனியாக எடுத்து வையுங்கள், அது சில வாரத்தில் தானாக அழிந்து புதுப் பதிவு ஏறிவிடும். பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஆபீஸில் பிரின்ட் எடுத்து வைத்ததிலிருந்து எடுக்காமல், நீங்களே பேங்கிலிருந்து நேராக வாங்குங்கள்.

அப்புறம் வக்கீலைப் பாருங்கள். ஃபாரன்சிக் கணக்காளரை, அதாவது கணக்கு மோசடியை ஆராய்ந்து கோர்ட்டுக்கு ஏற்றபடி ஆதாரம் திரட்டுபவரை, அவர் மூலமாக அமர்த்துவது நல்லது. நாளைக்கு போலீஸ் புகாரா, சிவில் வழக்கா, பேசித் தீர்ப்பதா என்பதை வைத்துத்தான் அறிக்கை எப்படி இருக்க வேண்டும் என்று முடிவாகும்.

யாரை அமர்த்துவது? உங்கள் வழக்கமான ஆடிட்டரை வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் கையெழுத்துப் போட்ட கணக்கை அவரே விசாரித்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியிலேயே அதைப் பிடித்துக்கொள்வார். வரி ஆடிட்டின் வேலையும் வேறு. பில் இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். பில்லுக்குப் பின்னால் சரக்கு இருந்ததா என்று பார்ப்பவர்தான் நமக்கு வேண்டும். சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் சங்கமான ஐசிஏஐ இதற்கென்றே ஒரு சான்றிதழ் படிப்பு நடத்துகிறது. உலக அளவில் மோசடி விசாரணைக்கென்றே சிஎஃப்இ (சர்ட்டிஃபைட் ஃபிராடு எக்ஸாமினர்) என்ற தகுதி இருக்கிறது. இந்த வேலைக்கான ஐசிஏஐயின் தர விதிகள் 2023 ஜூலை 1 முதல் கட்டாயம். 'அந்த விதிப்படிதான் அறிக்கை கொடுப்பீர்களா?' என்று நேராகக் கேளுங்கள். கோர்ட்டில் சாட்சி சொன்ன அனுபவம் உண்டா, உட்கார்ந்து பார்க்கப் போவது அவரா இல்லை பயிற்சிக்கு வந்த பிள்ளைகளா, இதையும் கேளுங்கள். நான் மூன்று பேரைப் பார்த்தேன். டையிங்கில் எடை எவ்வளவு குறையும், பீஸ் ரேட் எப்படிப் போடுவார்கள் என்று தானாகவே கேட்டவர் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு மேடம் மட்டும்தான். அவரையே முடிவு செய்தேன்.

'மீட்டுக் கொடுக்கும் பணத்தில் இத்தனை சதவீதம்' என்று ஒருவர் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். சிஏ படித்தவர் இப்படிப் பலனைப் பொறுத்துக் கட்டணம் வாங்க, சில விலக்குகள் தவிர, அவர்களுடைய நடத்தை விதியே பொதுவாகத் தடை போடுகிறது. பங்கு வாங்குபவரின் சாட்சியம் கோர்ட்டிலும் எடுபடாது. மேடத்தோடு நாங்கள் கட்டம் கட்டமாகப் பேசிக்கொண்டோம். முதல் கட்டம் அட்டைப்பெட்டிக் கணக்கு மட்டும், குறிப்பிட்ட தேதியிலிருந்து குறிப்பிட்ட தேதி வரை. ஏதாவது கிடைத்தால்தான் அடுத்தது. எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார், என்னென்ன தர வேண்டும், எத்தனை நாள், ரகசியம், கோர்ட்டுக்கு வந்தால் தனிக் கட்டணம் எவ்வளவு, எல்லாம் கடிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஹார்ட் டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்து, அதன் ஹாஷ் எண்ணை (ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும், ஃபைலின் கைரேகை போன்ற எண்) குறித்து, என் முன்னால் சீல் வைத்தார்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63வது பிரிவுப்படி, மின்னணு ஆவணத்தைக் கோர்ட்டில் கொடுக்கும்போது இந்த எண்ணோடு சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியில் கம்ப்யூட்டரின் பொறுப்பாளர் கையெழுத்து, மறு பகுதியில் நிபுணரின் கையெழுத்து. நகலையும் எண்ணையும் முதல் நாளே எடுக்காவிட்டால், ஃபைல் அன்று எப்படி இருந்தது என்று பிறகு நிரூபிப்பது கஷ்டம். உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால் 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் எதை எப்போது மாற்றினார்கள் என்ற திருத்தப் பதிவு ஓடியிருக்க வேண்டும், அதையும் எடுக்கச் சொல்லுங்கள்.

அட்டைப்பெட்டிக்காரரின் பில்களை மேடம் மேஜையில் வரிசையாகப் பரப்பினார். பதினான்கு மாதத்துக்குப் பதினான்கு பில். எண்கள் 31, 32, 33 என்று விடாமல் 44 வரை. "இவருக்கு உங்களைத் தவிர வேறு கஸ்டமரே இல்லையா?" என்றார். ஒவ்வொரு பில்லும் ஒரு லட்சத்துக்குள்தான். தமிழ்நாட்டுக்குள் அதற்கு இ-வே பில் (சரக்கை வண்டியில் அனுப்ப ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் சீட்டு) தேவையில்லை. காம்போசிஷன் டீலர், அதாவது சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டத்தில் இருப்பவர் என்பதால் பில்லில் ஜிஎஸ்டியும் கிடையாது. அதனால் மாதாமாதம் 2பியோடு (நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியல்) ஒத்துப் பார்க்கும் வேலையிலும் அது தட்டுப்படவே இல்லை.

அடுத்து அவர் கேட்டது எனக்குத் தோன்றவே தோன்றாத ஒன்று, கேட்டில் வாட்ச்மேன் தாத்தா எழுதும் நோட்டு. டீக்கறை படிந்த நாற்பது பக்க நோட்டுகள் ஆறு. பில் தேதி ஒவ்வொன்றையும் வைத்து விரலை ஓட்டிக்கொண்டே போனார். நூல் வண்டி இருக்கிறது, டையிங் வண்டி இருக்கிறது, தண்ணீர் லாரி கூட இருக்கிறது. அட்டைப்பெட்டி வண்டி ஒரு நாள்கூட இல்லை. தாத்தாவைக் கூப்பிட்டுக் கேட்டார். "வந்திருந்தா எழுதியிருப்பனுங்களே அம்மா," என்றார் அவர். அந்த ஒரு வரியைக் கேட்டு நான் வெளியே போய் நின்றுவிட்டேன். தொகை 12 லட்சத்துக்கு மேல். பணம் போன அக்கவுன்ட் அண்ணாவின் மைத்துனருடையது.

சந்தேகப்படும் ஆளிடம் பேசுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஃபாரன்சிக் கணக்காளரே பேசட்டும். பக்கத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும், மிரட்டல் கூடாது, கதவைப் பூட்டக் கூடாது, வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கவே கூடாது. அப்படி வாங்கினால் கேஸ் நம் பக்கமே திரும்பும்.

அறிக்கையில் 'இவர் திருடர்' என்று இருக்காது. எனக்கு முதலில் அது ஏமாற்றமாக இருந்தது. எந்தப் பில், எந்தத் தேதி, எந்த அக்கவுன்ட், எந்த ஆவணம் என்று மட்டும் இருக்கும். குற்றவாளியா என்று சொல்வது கோர்ட்டின் வேலை. பணியாளர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு, ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(4) பிரிவு, ஏழு வருடம் வரை தண்டனை. 2024 ஜூலைக்கு முன்னால் நடந்தது என்றால் பழைய ஐபிசி. எது பொருந்தும் என்பதை வக்கீலிடம் விடுங்கள். எங்கள் அறிக்கை 38 பக்கம். அதோடு மாநகரக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்தோம். ஆறு நோட்டும் இப்போது வக்கீலின் பீரோவில் இருக்கின்றன. தாத்தாவுக்குப் புது நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், இந்த முறை கெட்டி அட்டை போட்டது.