புவோலுக்கா பறிப்பதும் பத்திரப்படுத்துவதும்: வட ஃபின்லாந்தில் முதல் இலையுதிர்காலம் காண்பவர்களுக்கு

செப்டம்பர் பிறந்துவிட்டால் எங்கள் கைனூ பகுதிக் கிராமத்தில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "பறித்தாயிற்றா?" என்பதுதான். எதை என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் வேண்டாம். காட்டுத் தரையில் சிவப்பாகக் காய்த்துக் கிடக்கும் புவோலுக்காவைத்தான் கேட்கிறார்கள். லிங்கான்பெர்ரி என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். மணத்தக்காளியைவிடக் கொஞ்சம் பெரிய பழம். களாக்காய் தின்றவர்களுக்கு அந்தப் புளிப்பும் துவர்ப்பும் உடனே பிடிபடும்.

இந்த நாட்களில் பகல் தினமும் 6 நிமிடம் போலக் குறைந்துகொண்டே வரும். குளிர்காலத்துக்கு வீட்டில் என்ன சேர்க்க வேண்டுமோ அதையெல்லாம் இப்போதே சேர்த்தாக வேண்டும். புதிதாக வந்தவர்கள் முதலில் புவோலுக்காவைப் பழகுங்கள். அடுப்பே இல்லாமல் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் பழம் இது.

1. எங்கே, எப்போது

பைன் மரங்கள் நிற்கும் வறண்ட மணற்பாங்கான காட்டில் தேடுங்கள். ஃபின்லாந்தில் காட்டுப் பழம் பறிக்க நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அது எல்லாருக்குமான உரிமை. ஆனால் வீட்டு முற்றத்துப் பக்கம் போகக் கூடாது. பறித்ததை நீங்களே விற்றாலும் அந்த வருமானத்துக்கு வரி கிடையாது.

பழம் முழுக்கச் சிவக்கும்வரை பொறுங்கள். முதல் வருடம் நான் ஆகஸ்டிலேயே போய், ஒரு பக்கம் வெளுத்திருந்த பழங்களை வாளி நிறையக் கொண்டுவந்தேன். எவ்வளவு சர்க்கரை போட்டும் கசப்பு போகவில்லை.

செடியைச் சரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். இளம்பச்சையான அடிப்பக்கத்தில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் இருந்தால் புவோலுக்கா. புள்ளி இல்லாமல் வலைபோல் நரம்பு ஓடினால் அது கரடிப்பழம் என்கிற வேறு செடி. தின்றால் மாவுபோல் சப்பென்று இருக்கும். அகன்ற நீள இலையோடு தனியாக நிற்கும் தண்டில் சிவப்புக் காய்கள் தொங்கினால் கையே வைக்காதீர்கள். அது பள்ளத்தாக்கு லில்லி, விஷம்.

2. பறிப்பது

கையால் பறிக்கலாம், ஆனால் அந்திக்குள் வாளி நிறையாது. கடைகளில் 'பொய்முரி' கிடைக்கும். கைப்பிடி வைத்த சின்னப் பெட்டி, அதன் வாயில் சீப்புப்போல் பற்கள். செடிக்கு அடியில் நுழைத்து மெதுவாக மேல்நோக்கி வாருங்கள். வெடுக்கென்று இழுத்தால் செடியே வேரோடு வந்துவிடும். அடுத்த வருடமும் அதே செடிதான் காய்க்க வேண்டும்.

இது எல்க் என்கிற பெரிய மானை வேட்டையாடும் காலமும்கூட. பளிச்சென்ற ஆரஞ்சு மேல்சட்டை இல்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள். தலையில் துணி கட்டிக்கொள்ளுங்கள். எல்க் ஈ மேலே வந்து உட்கார்ந்ததும் இறக்கையை உதிர்த்துவிட்டு முடிக்குள் ஊரும். திசை தெரிகிற ஒரு பாதையைக் கண்பார்வையில் வைத்துக்கொண்டே பறியுங்கள். குனிந்தபடியே போனால் எவ்வளவு தூரம் வந்தோம் என்பதே தெரியாது.

3. சுத்தம் செய்வது

பாதி வேலை இதில்தான் இருக்கிறது. வாளியில் பழத்தோடு இலை, பைன் ஊசி, பாசி எல்லாம் கலந்திருக்கும். தண்ணீரில் கொட்டினால் இலைகள் பழத்தோடு ஒட்டிக்கொண்டு படுத்தும். பக்கத்து வீட்டுப் பாட்டி எனக்குக் காட்டிக் கொடுத்த வழி இது. ஒரு பலகையில் ஈரத் துண்டை விரித்து, ஒரு முனையைச் சற்று உயர்த்தி வைத்தார். மேலிருந்து ஒரு கைப்பிடி பழத்தை விட்டார். பழம் கடகடவென்று உருண்டு கீழே வைத்த தட்டில் விழுந்தது. இலையும் ஊசியும் துண்டிலேயே ஒட்டிக்கொண்டன. முறத்தில் புடைப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த நிமிடமே பாட்டி வீட்டு மனுஷி ஆகிவிட்டார்.

துண்டில் குப்பை சேர்ந்ததும் உதறிவிட்டு மறுபடி விரியுங்கள். கடைசியில் நசுங்கிய பழங்களைப் பொறுக்கிவிட்டு, ஒரே ஒரு முறை குளிர்ந்த நீரில் அலசி வடிகட்டுங்கள்.

4. பத்திரப்படுத்துவது

புவோலுக்காவில் பென்சோயிக் அமிலம் இயற்கையாகவே இருக்கிறது. கடை ஊறுகாய் பாட்டிலில் சோடியம் பென்சோயேட் என்று படித்திருப்பீர்களே, அது இந்த அமிலத்தின் உப்புதான். அதனால்தான் இந்தப் பழத்தைப் பூஞ்சை எளிதில் அண்டுவதில்லை.

தண்ணீர் முறை: சுத்தமான கண்ணாடி ஜாடியில் நசுங்காத பழங்களைப் போட்டு, கொதிக்கவைத்து ஆறிய நீரை மூழ்கும்வரை ஊற்றி மூடுங்கள். குளிர்ந்த நிலவறையிலோ ஃபிரிட்ஜிலோ வைத்தால் பழம் குளிர்காலம் முழுக்கத் தாங்கும்.

சர்க்கரை முறை: 1 கிலோ பழத்துக்கு 400 கிராம் சர்க்கரை. மரக் கரண்டியால் பாதிப் பழங்களை மட்டும் நசுக்கி, சர்க்கரை கரையும்வரை விட்டுவிட்டுக் கிளறுங்கள். அவசரம் வேண்டாம், ஒரு நாள் ஆனாலும் ஆகட்டும். சமைக்கவே கூடாது என்பது என் கட்சி. காய்ச்சினால் அந்தக் காட்டு வாசனை போய்விடுகிறது. உருளைக்கிழங்கு மசியல், கலைமான் இறைச்சி, ஈரல் எதனோடும் பொருந்தும்.

5. அன்றைக்கே ஒரு கிண்ணம்

மிச்சப் பழத்தில் விஸ்பிபுவுரோ என்கிற, நுரைக்க அடித்த கஞ்சி செய்யுங்கள். நம் ரவைதான் இதற்கும். 1 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் பழத்தை 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். 150 மில்லி அளவு சர்க்கரை சேருங்கள். அதே அளவு ரவையைக் கட்டி தட்டாமல் தூவிக் கிளறி, வேகும்வரை சிறுதீயில் வையுங்கள். அப்புறம் பாத்திரத்தை வாசல் திண்ணையில் வைத்துவிடுங்கள், செப்டம்பர் காற்றே ஆறவைத்துவிடும். நன்றாக ஆறியபின் முட்டை அடிக்கும் ஹேண்ட் மிக்ஸரால் அடியுங்கள். கருஞ்சிவப்பாக இருந்தது கண்ணெதிரே வெளுத்து, பொங்கி, ரோஜா நிறத்தில் நுரையாக எழும். சூடாக இருக்கும்போது அடித்தால் எழாது. கிண்ணத்தில் எடுத்து, மேலே குளிர்ந்த பால் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரை தூவிச் சாப்பிடுங்கள்.