தலைகவிழ்ந்து பூக்கும் காட்டு வெங்காயத்தை இனங்காண

வட அமெரிக்காவின் புல்வெளிகளிலும் பாறைச் சரிவுகளிலும் இயற்கையாக வளரும் அல்லியம் செர்னுவம் என்னும் காட்டு வெங்காயத்தில், பூத்தண்டின் நுனி கொக்கிபோல் வளைந்து, வெளிர்சிவப்புப் பூங்கொத்து தரையை நோக்கித் தொங்குவதால், கோடையில் அதை இனங்காண்பது எளிது. பூக்காத பருவத்தில்தான் சிக்கல். ஏனெனில், புல் போன்ற இலைகளும் வெங்காயத்தை ஒத்த கிழங்கும் உடைய டெத் காமாஸ் என்னும் கொடிய நச்சுச்செடியும் அக்கண்டத்தில் வளர்கிறது. கசக்கிய இலையில் வெங்காய மணம் வராவிட்டால், அந்தச் செடியை உண்ணவே கூடாது. மணம் விரல்களில் ஒட்டிக்கொண்டு அடுத்த சோதனையைக் குழப்பும் என்பதால், கையைக் கழுவிவிட்டே, அலுப்பாக இருந்தாலும், ஒவ்வொரு கிழங்கையும் தனித்தனியே முகர்ந்து பார்க்க வேண்டும். மணம் இருந்தும் பிற அடையாளங்களில் ஐயம் எழுந்தால், பூக்கும் வரை காத்திருப்பதே நல்லது.