டிஎன்ஏ தடயத்தை நாமே கெடுக்கும் விதங்கள்

ஜவ்வாது மலைப் பக்கம் வேட்டைக் கறியோடு பிடிபடுகிறவர் "இது ஆட்டுக்கறிதான் சார்" என்று சாதித்தால், கண்ணால் பார்த்து மறுப்பது கஷ்டம். தோலும் கொம்பும் போய்விட்டால் புள்ளிமான் கறிக்கும் வெள்ளாட்டுக் கறிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அங்கே உறுதியான சாட்சி டிஎன்ஏ. ஐதராபாத்தில் உள்ள சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் விஞ்ஞானிகள், சைட்டோகுரோம் பி என்ற மரபணுவின் சிறு துண்டை வைத்தே எந்த விலங்கு என்று சொல்லும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். ஆனால் பொருள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும் முன்பே சாட்சி பாதி செத்துவிடுகிறது.

பெரிய தவறு, உடல் பாகங்களைக் கெடாமல் வைக்கப் பயன்படும் ஃபார்மலின் திரவம். அதில் போட்டால் கறி அழுகாது, உண்மைதான். ஆனால் அது டிஎன்ஏவைப் புரதத்தோடு பிணைத்து, துண்டு துண்டாக்கிவிடும். பார்க்க நன்றாக இருக்கும் கறியிலிருந்து முடிவே வராமல் போகலாம். சுத்தமான எத்தனாலில் போடுங்கள், இல்லையென்றால் உறைய வையுங்கள். வேலூர் வெயிலில் பிளாஸ்டிக் பையில் கட்டி ஜீப்பிலேயே விட்டுவிடுவதும் இதே அளவு கெடுதல். ஒரே கத்தியால் இரண்டு மாதிரிகளை வெட்டினால் ஒன்றின் டிஎன்ஏ மற்றதில் ஒட்டும். டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆர் சோதனை அந்தத் துளியையும் பெருக்கிக் காட்டிவிடும்.

"குழம்பாகிவிட்டது, இனி என்ன" என்று சட்டியைக் கழுவ விடாதீர்கள். ஒரு செல்லில் உட்கரு பொதுவாக ஒன்றுதான், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவோ நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றுக்குள்ளும் டிஎன்ஏ உண்டு, சைட்டோகுரோம் பி இருப்பதும் அங்கேதான். அதனால் வெந்த கறியிலும் இனத்தைக் கண்டுபிடிக்கப் பல நேரம் முடிகிறது. செம்மரக் கட்டை வேறு விஷயம். வைரம் பாய்ந்த மரத்தில் டிஎன்ஏ எடுப்பது சிரமம், நுண்ணோக்கியில் மரத்தின் அமைப்பைப் பார்ப்பதே எளிய வழி.

இதே அறிவியல்தான் வன்கொடுமைக்கு ஆளான குழந்தைக்கும் பெண்ணுக்கும் துணை நிற்கிறது. அங்கே நடக்கும் தவறுகள்தான் மனதை மிகவும் வருத்துபவை. முதல் வேலையாகப் பிள்ளையைக் குளிப்பாட்டி, துணியைத் துவைத்துவிடுகிறார்கள். பாசத்தில் செய்வதுதான், ஆனால் தடயம் போய்விடும். குளித்துவிட்டாலும் பரவாயில்லை, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான்கு நாள் வரைகூட மாதிரி எடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் தடயம் குறையும். துணி ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் பூஞ்சை பிடித்துவிடும்.

அப்புறம், புகார் கொடுத்த பிறகுதான் ஆஸ்பத்திரி என்று காத்திருக்காதீர்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையானாலும் தனியார் ஆனாலும், எஃப்ஐஆர் இல்லை என்று சிகிச்சையை மறுக்கக் கூடாது, கட்டணமும் கேட்கக் கூடாது. பெண்ணுறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் சோதனை தவறு என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லி, 2022-இல் தடையை மீண்டும் உறுதி செய்துவிட்டது. யாராவது செய்ய வந்தால் மறுத்துவிடுங்கள். டிஎன்ஏ கிடைக்கவில்லை என்ற அறிக்கைக்கு, குற்றம் நடக்கவில்லை என்று பொருள் கிடையாது. பிள்ளையின் வாக்குமூலமே சாட்சிதான். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, எந்த நேரமும் அழைக்கலாம்.